மூணாவது தடவை அவன் கூப்பிடல

இத நான் சொன்னா நீங்க சிரிப்பீங்க. சிரிங்க, தப்பில்ல, உங்க இடத்துல நான் இருந்திருந்தா உங்களவிடச் சத்தமாச் சிரிச்சிருப்பேன். பேய், பிசாசு, காத்து, கருப்பு, முனி, இதுல ஒண்ணையும் நான் நம்புனதே இல்லீங்க. இன்னிக்கும் எதை நம்பறேன்னு கேட்டீங்கன்னா எனக்குச் சொல்லத் தெரியல. நடந்தத நடந்தபடி சொல்றேன், மிச்சத்த நீங்களே பாத்துக்கங்க.

எண்பதுகள்ல நடந்தது. நான் சேலத்துக்காரன். ஏற்காட்டுல ஒரு லாட்ஜுல சமையல் வேலைக்குன்னு வந்து, ஒண்டிக்கடைங்கற இடத்துலயே ரூம் எடுத்துத் தங்கிட்டேன். பேரு மாதேஸ். அப்ப இருபத்தாறு வயசு, கல்யாணம் ஆகல, வாய் மட்டும் நீளம். கருப்புச் சட்டை போடாத குறைதான், மத்தபடி டீக்கடையில உக்காந்து சாமியையும் பேயையும் ஒரே தட்டுல வெச்சுக் கிழிப்பேன். எஸ்டேட்டுல கணக்கெழுதற ரைட்டரு ஒருத்தரு, பெரிய மனுசன், ஒரு நாவல் மரத்தடியில ராத்திரியில போக மாட்டேன்னு சொன்னாரு. நான் என்ன பண்ணுனேன், அந்த மரத்துலயே என் லுங்கியத் துவைச்சுக் காயப்போட்டுட்டு வந்தேன், மறுநாள் காலையில போய் எடுத்துட்டு வந்து டீக்கடையில எல்லாருக்கும் விரிச்சுக் காட்டுனேன். அந்த மாதிரி ஆளுங்க நானு.

ஆனா ஒண்ணு. சின்ன வயசுல எங்கம்மா ஒரு விசயம் சொல்லிச் சொல்லி வளத்துச்சு. ராத்திரியில யாராவது பேரச் சொல்லிக் கூப்பிட்டா உடனே ஏன்னு கேக்கக் கூடாது. மூணு தடவை கூப்பிடணும், அப்பறந்தான் வாயத் தொறக்கணும். மனுசனா இருந்தா மூணாவது தடவையும் கூப்பிடுவான், மத்ததுக்கு ரெண்டு தடவைக்கு மேல கூப்பிட முடியாதுன்னு. உங்க ஊட்லயும் சொல்லியிருப்பாங்க. இதையும் நான் கிண்டல் பண்ணியிருக்கேன், ஆனா அந்தப் பழக்கம் எனக்குள்ள எங்கியோ உக்காந்திருந்தது எனக்கே தெரியாது.

இப்ப பந்தயத்துக்கு வர்றேன். சேலத்துல ஒரு இளைஞர் மன்றத்துக்காரங்க ராத்திரி சைக்கிள் பந்தயம் வெச்சாங்க. சாயங்காலம் மலையடிவாரத்துல கிளம்பணும். இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறி ஒண்டிக்கடை வந்து கையில சீல் வாங்கணும். அங்க இருந்து தலைச்சோலைங்கற மலைக் கிராமத்துக்குப் போய் இன்னொரு சீல், திரும்ப ஒண்டிக்கடை வந்து ஒரு சீல், அப்பறம் விடியறதுக்குள்ள கீழ இறங்கி அடிவாரத்துல முடிக்கணும். கியர் சைக்கிளெல்லாம் கெடையாதுங்க, பாலும் பேப்பரும் போடறோமே அந்தக் கருப்புச் சைக்கிள்தான். சித்திர மாசம், பௌர்ணமி, வெயிலும் இருக்காது, நிலா வெளிச்சமும் இருக்கும்னு கணக்குப் போட்டுத்தான் ராத்திரியா வெச்சாங்க. கோடை மழைய யாரும் கணக்குல சேக்கல.

அதுல தலைச்சோலையில இருந்து ஒருத்தன் வந்திருந்தான், சடையன்னு பேரு, என்னவிட நாலு வயசு சின்னவன். மலைக்காரங்க, அவங்க குடும்பம் எத்தனையோ தலைமுறையா அங்கதான் வெள்ளாமை பண்ணுது. எங்க லாட்ஜுக்கு பீன்ஸும் சௌசௌவும் அவன்தான் சைக்கிள்ல கொண்டாந்து போடுவான். நான் அவங்கிட்ட ஒரு நாளும் நல்லவிதமாப் பேசுனதில்ல. காய் முத்தல், லேட்டு, என்னடா மூட்டை நனைஞ்சிருக்குன்னு ஏதாச்சும் ஒண்ணு சொல்லி வள்ளுன்னு விழுவேன். அவன் "செரிங்ணா, நாளைக்கு நல்லதா கொண்டாரேனுங்ணா"ன்னு சிரிச்சுட்டே போவான். அந்தச் சிரிப்பு எனக்கு இன்னும் எரிச்சலா இருக்கும், ஏன்னு கேட்டா காரணம் இல்ல.

ஏறும்போதெல்லாம் ஒண்ணும் பிரச்சனை இல்ல. நிலா பால் மாதிரி இருந்துச்சு, பாதி தூரம் மிதிச்சும் பாதி தூரம் தள்ளியுந்தான் ஏறுனோம், நெஞ்சு வெடிச்சுரும்போல இருந்தாலும் ஆளாளுக்குக் கிண்டல் பண்ணிட்டே வந்தோம். பத்துப் பன்னண்டாவது வளைவுல காத்து ஒரு மாதிரி குளுந்துச்சு. திரும்பிப் பாத்தா கீழ சேலத்து லைட்டெல்லாம் ஒண்ணொண்ணா மறையுது, மேகம் ஏறி வருது. ஒண்டிக்கடையில சீல் வாங்கறப்ப முதல் தூத்தல் விழுந்துச்சு. அங்க மேசை போட்டு உக்காந்திருந்த மன்றத்துக்காரரு "மழைக்கு முன்னாடி தலைச்சோலை போயிட்டு வந்துருங்க"ன்னாரு, நாங்களும் மண்டைய ஆட்டிட்டு விட்டோம் சைக்கிள.

தலைச்சோலை போய்ச் சேரும்போதே தெப்பலா நனைஞ்சாச்சு. சீல் வெச்ச மை கையிலயே கரைஞ்சு வழியுது. பத்துப் பேர்ல நாலு பேரு அங்கயே ஒதுங்கிட்டாங்க. சடையன் அவனோட கொங்காணிய, அதான் சாக்க உள்பக்கமா மடிச்சு மழைக்குத் தலையில மாட்டிக்குவாங்களே, அதக் கழட்டி எங்கிட்ட நீட்டுனான். "போட்டுக்குங்ணா, நாங்க இந்த மழையிலயே பொறந்தவிங்க, நீங்க கீழ் நாட்டுக்காரரு தாங்க மாட்டீங்க"ன்னான். நான் வாங்கி மாட்டிக்கிட்டேன். நன்றின்னு ஒரு வார்த்தை சொன்னனா இல்லியான்னு எவ்வளவோ தடவை யோசிச்சுப் பாத்திருக்கேன். சொன்ன மாதிரி ஞாபகம் இல்ல.

திரும்பறப்ப அவன் எனக்கு முன்னாடி போனான். அவனுக்குத் தண்ணி பட்ட பாடு அந்த ரோடு. கொஞ்ச நேரத்துல அவன் லைட்டு வளைவுல மறைஞ்சுருச்சு, நான் மட்டும் தனியா.

அந்த மாதிரி மழைய நான் அதுக்கு முன்னாடியும் பாக்கல, பின்னாடியும் பாக்கல. ஆலங்கட்டி விழுதுங்க, புளியங்கொட்டை அளவுக்கு இல்ல, நெல்லிக்கா அளவுக்கு. சாக்கு மேல தடதடன்னு அடிக்குது, ஹாண்டில் பாரப் புடிச்ச விரலெல்லாம் மரத்துப் போச்சு. ரெண்டு பக்கமும் சில்வர் ஓக்கு மரம் ஒடிஞ்சு ஒடிஞ்சு விழுது. பிரேக் புடிச்சா ரிம்மு வழுக்கிட்டுப் போவுது. டைனமோ லைட்டு வேற, உங்களுக்குத் தெரியுமோ என்னமோ, டயர் சுத்துனாத்தான் எரியும். டயர் நனைஞ்சா டைனமோ வழுக்கும், வெளிச்சம் மினுக் மினுக்குன்னும். சைக்கிள நிறுத்துனீங்கன்னா லைட்டும் செத்துரும். அதனால அந்த ரோட்டுல நிக்கறதுன்னா என்ன அர்த்தம்னா, கண்ணத் தொறந்திருந்தாலும் மூடியிருந்தாலும் ஒண்ணுதான்.

அப்பத்தான் கூப்பிட்டுச்சு.

"மாதேஸண்ணா..."

கீழ இருந்து வருதுங்க சத்தம், ரோட்டுக்கு இடது பக்கம் காப்பித் தோட்டம் சரிவா இறங்குது, அதுக்குள்ள இருந்து. குரல் மனுசக் குரல் மாதிரியும் இருக்கு, இல்லாத மாதிரியும் இருக்கு, மழையில பாதி கரைஞ்சு வருது. எனக்கு உச்சந்தலையில இருந்து உள்ளங்கால் வரைக்கும் சிலுத்துப் போச்சு. அந்த இருட்டுல, மூஞ்சிய மறைச்சு சாக்கு மாட்டிக்கிட்டுப் போறவன் மாதேஸ்னு யாருக்குத் தெரியும்? பிரேக்கப் புடிச்சேன், கால ஊனுனேன், லைட்டு செத்துப் போச்சு.

"மாதேஸண்ணா..."

ரெண்டு. வாய் வரைக்கும் வந்துருச்சுங்க பதில். சத்தியமா வந்துருச்சு. உதட்டக் கடிச்சுக்கிட்டேன். எங்கம்மா பக்கத்துல நின்னு என் வாயப் பொத்துன மாதிரி இருந்துச்சு. நாவல் மரத்துல லுங்கி காயப்போட்டவன், ஊர்ல எல்லாரையும் கிண்டல் பண்ணவன், அந்த இருட்டுல ஒத்தக்கால ஊனிக்கிட்டு மூணாவது தடவைக்காகக் காத்துட்டு நிக்கறேன். கூப்பிட்டா இறங்கிப் போறதுன்னு முடிவு பண்ணிட்டேன். எவ்வளவு நேரம் நின்னேனோ, அம்பது எண்ணுற நேரம் இருக்கும், நூறுகூட இருக்கும். மழை கொட்டுது, இடி இடிக்குது, மூணாவது தடவை மட்டும் வரவே இல்ல.

நான் மிதிச்சுட்டேன். பயத்துல எப்படி மிதிச்சேன்னே தெரியாது, மடமடன்னு ஒண்டிக்கடை வந்து சேந்துட்டேன்.

இதுக்கப்பறம் நான் பண்ணதுதான் உண்மையிலயே அசிங்கம், பேய் விசயத்தவிட இதச் சொல்லத்தான் எனக்கு வாய் கூசுது. மேசைக்காரரு பந்தயத்த நிறுத்திட்டாங்கன்னு சொல்லிட்டு, ஆளுகள எண்ணிப் பாத்துட்டு, "சடையன் இன்னும் வரலயே, வழியில பாத்தீங்களா?"ன்னு எங்கிட்டக் கேட்டாரு. அந்த நிமிசம் எனக்குள்ள பளிச்சுன்னு பட்டுச்சு, அது சடையன் குரலா இருக்குமோன்னு. சொல்லியிருக்கலாம். ஆனா என்னன்னு சொல்றது? ஒரு குரல் கூப்பிட்டுச்சு, ரெண்டு தடவைதான் கூப்பிட்டுச்சு, அதனால வந்துட்டேன்னா? சுத்தி நிக்கறவன் பூரா டீக்கடையில என் வாயிக்குப் பயந்தவனுக. மானம் போயிருமேன்னு இருந்துச்சு. "பாக்கலீங்க"ன்னு சொல்லிட்டேன். "அவன் ஊரு தலைச்சோலதானே, திரும்பி ஊட்டுக்குப் போயிருப்பான்"னு அவராவே சொல்லிக்கிட்டாரு. நானும் ஆமான்னு தலையாட்டுனேன்.

ராத்திரி பூரா தூங்கல. விடிஞ்சும் விடியாமலும் சேதி வந்துருச்சு. பக்கத்து ஊரு வெள்ளக்கடையில இருந்து எஸ்டேட் வேலைக்குப் போன ரெண்டு பேரு, ரோட்டுக்குக் கீழ சைக்கிள் சக்கரம் தெரியுதுன்னு எட்டிப் பாத்திருக்காங்க. பத்தடிப் பள்ளத்துல சடையன் கெடந்திருக்கான், தொடை எலும்பு ஒடிஞ்சு, கால் மேல சைக்கிள் கெடந்திருக்கு. உசுரு இருந்துச்சு. அந்த ரெண்டு பேரும் ஒண்ணு சொன்னாங்க, கிட்ட வர்றப்ப பேச்சுச் சத்தம் கேட்டுச்சாம், ரெண்டு பேரு உக்காந்து பேசிட்டு இருக்கற மாதிரி. பாத்தா இவன் ஒருத்தன்தான்.

ஆஸ்பத்திரிக்கு ஓடுனேன். கால்ல மாவுக்கட்டு, மூஞ்சி வெளுத்துக் கெடக்கறான். டாக்டரு என்னத் தனியாக் கூப்பிட்டு, "அந்தக் குளுருல கொஞ்சம் கண்ணசந்திருந்தாக்கூட ஆள் போயிருப்பான், எப்படித்தான் முழிச்சுட்டு இருந்தானோ"ன்னாரு. நான் கட்டில் பக்கத்துல போய் நின்னேன். மன்னிச்சுருடான்னு சொல்லத்தான் போனேன்ங்க. அதுக்குள்ள அவன் என் கையப் புடிச்சுக் கண்ணுல ஒத்திக்கிட்டான்.

"நீங்க இல்லீன்னா நான் இல்லீங்ணா"ன்னான். "ரெண்டாவது கூப்பிட்டதுமே ஏங்கண்ணுன்னு பதில் சொன்னீங்களே, அந்த ஒரு வார்த்தையிலயே எனக்குப் பாதி வலி போயிருச்சுங்ணா. அதுக்கு மேல எதுக்குக் கூப்பிடோணும்னு நானும் கூப்பிடல."

"மேல ரோட்டுல வந்தது நான்தான்னு உனக்கு எப்படிடா தெரியும்?"னு கேட்டேன்.

"உங்க செயின் கவர் லொடலொடன்னு ஆடுமே, அந்தச் சத்தம் எனக்குத் தெரியாதுங்களா? தெனம் லாட்ஜு வாசல்ல கேக்கறேன்"ன்னான். அப்பறம் சிரிச்சுட்டே, "விடிய விடிய என்னைத் தூங்கவே விடலீங்களே. தூங்காத கண்ணு, தூங்காத கண்ணுன்னு. எனக்குக் கல்யாணம் ஆவும், ரெண்டு பொட்டப்புள்ளைங்க பொறக்கும், பெரியவ பூங்கோதை, சின்னவ தேன்மொழின்னு பேரு மொதக்கொண்டு சொன்னீங்களே"ன்னான்.

காய்ச்சல்ல உளர்றான்னு நெனச்சுட்டேன். அவனக் கண்ணுன்னு நான் ஒரு நாளும் கூப்பிட்டதில்ல, எவனையும் கூப்பிட்டதில்ல. ஆனா அவன் கண்ணுல அவ்வளவு நன்றி. நான் இல்லடா அதுன்னு சொல்லணும்னு நெனைக்கறேன், அவன் அம்மா கட்டில் மறுபக்கம் நின்னு என்னப் பாத்துக் கையெடுத்துக் கும்புடுது. நான் ஒண்ணும் சொல்லல. சொல்லாததுதான் என் வேலையாப் போச்சு அந்த ரெண்டு நாளும்.

அதுல இருந்து அவன் எனக்குச் சொந்தமாயிட்டான், நான் கேக்காமயே. கால் கூடி வர்றதுக்கு ஆறேழு மாசம் ஆச்சு, லேசா தாங்கித் தாங்கி நடப்பான், ஆனா வருசா வருசம் தோட்டத்துல முதல் பலாப்பழம் பழுத்தா என் ஊட்டுக்குத்தான் வரும், முதல் ஆரஞ்சு, முதல் மிளகு, எல்லாம் முதல்ல சாமிக்கு, ரெண்டாவது எனக்கு. எனக்குக் கல்யாணம் ஆச்சு. என் ஊட்டுக்காரி சரசு அவன் மேல உசுரையே வெச்சுட்டா. பலாச்சுளைய உரிச்சு உரிச்சு என் தட்டுல வெப்பா, எனக்கு ஒவ்வொரு சுளையும் தொண்டையில நின்னு நின்னு இறங்கும். அவனுக்கும் கல்யாணம் ஆச்சு. முதல்ல பொட்டப்புள்ள, பூங்கோதைன்னு பேரு வெச்சான். ரெண்டாவதும் பொட்டப்புள்ள, தேன்மொழி. நான் சொன்னதாலதான் அந்தப் பேரு வெச்சேன்னு ஊரெல்லாம் சொல்லுவான்.

வருசம் ஓடிப் போச்சு. பூங்கோதைக்குக் கல்யாணம் கூடி வந்தப்ப, சடையன் ஊட்டுக்காரிக்குக் கூடப்பொறந்த ஆம்பளை யாரும் இல்ல. "தாய்மாமன் சீரு நீங்கதான் செய்யோணுங்ணா, மணவறையில நீங்கதான் நிக்கோணும்"னு வந்து கேட்டான். சரசு சந்தோசத்துல அழுதுட்டா. எனக்கு அன்னிக்கு ராத்திரி சோறு இறங்கல. பழம் தின்னது வேற, இது வேறங்க. ஒரு புள்ளையோட மணவறையில பொய்யா நிக்க முடியுமா?

கல்யாணத்துக்கு முதல் நாள் சாயங்காலம், பந்தலுக்குப் பின்னாடி பாத்திரம் அடுக்கி வெச்சிருந்த இடத்துல அவனக் கூப்பிட்டு உக்கார வெச்சு எல்லாத்தையும் சொல்லிட்டேன். கேட்டது, நின்னது, மூணாவது தடவைக்குக் காத்திருந்தது, விட்டுட்டு வந்தது, மேசைக்காரருகிட்டப் பொய் சொன்னது, ஒண்ணு விடாம. சொல்லி முடிச்சுட்டு அழுதுட்டேன், வெக்கத்த விட்டுச் சொல்றேன், தேம்பித் தேம்பி அழுதேன்.

அவன் என் முதுகுல தட்டிக் குடுத்துட்டு, "தெரியுங்ணா"ன்னான்.

"என்னடா தெரியும்?"

"நீங்க போனது தெரியும். என் தலைமாட்டுல உக்காந்து நீங்க பேசிட்டு இருக்கறீங்க, அதே நேரத்துல மேல ரோட்டுல உங்க சைக்கிள் லொடலொடன்னு கிளம்பிப் போகுது. ரெண்டும் கேட்டுச்சுங்ணா எனக்கு."

"அப்பறம் எதுக்குடா இத்தனை வருசமா எனக்குப் பழம் கொண்டாந்த?"

"உக்காந்திருந்தவருக்குத்தாங் கொண்டாந்தேன். போனவரும் கூடத் தின்னாரு, செரி தின்னுட்டுப் போறாருன்னு உட்டுட்டேன்"னு சொல்லிச் சிரிச்சான் பாருங்க, அந்தப் பழைய சிரிப்பு. நானும் அழுதுட்டே சிரிச்சேன். அப்பறம் அவனே மெதுவாச் சொன்னான். "ஒண்ணு மட்டும் அப்ப எனக்கு வெளங்கலீங்ணா, இந்த நாலஞ்சு வருசமாத்தான் வெளங்குது. அன்னிக்குப் பேசுனது உங்க குரல்தான், ஆனா அப்ப உங்களுக்கு இருந்த குரல் இல்லீங்க. இப்ப இருக்குதே, இந்தக் குரல். நடுநடுவுல இருமுனீங்க, இப்ப இருமற மாதிரியே."

என் குரல நீங்களே கேக்கறீங்கல்ல, கரகரன்னு. தொண்டையில கட்டின்னு ஆப்பரேசன் பண்ணி எடுத்தாங்க, பூங்கோதை கல்யாணத்துக்கு நாலஞ்சு வருசம் முன்னாடி. அதுல இருந்துதான் இந்தக் குரலும் இந்த இருமலும்.

இப்பச் சொல்லப் போறது அதுவரைக்கும் அவனுக்கே தெரியாது, யாருக்கும் தெரியாது. அந்த ஆப்பரேசனுக்கு அப்பறம் எனக்குத் தூக்கம் கொறைஞ்சு போச்சு. மழை பேஞ்சா சுத்தமாத் தூக்கம் வராது. எந்திரிச்சு சமையக்கட்டுல போய் லைட்டுப் போடாம உக்காந்துக்குவேன். அங்க உக்காந்து, பைத்தியம்னு நெனைச்சுக்காதீங்க, அன்னிக்கு நான் சொல்லாம விட்ட பதில வாய் விட்டுச் சொல்லுவேன். "ஏங்கண்ணு, இங்கதான் இருக்கறேன். தூங்காத கண்ணு. உனக்குக் கல்யாணம் ஆவும், ரெண்டு பொட்டப்புள்ளைங்க பொறக்கும், பூங்கோதை, தேன்மொழி, பெரியவ டீச்சர் வேலைக்குப் போவா." இப்படி மழை விடற வரைக்கும் பேசிட்டு இருப்பேன். மனசு ஆறட்டும்னுதான் பேசுனேன், வேற எதுக்கும் இல்ல.

பந்தலுக்குப் பின்னாடி அவன் சொன்னதக் கேட்டதும் எனக்கு அந்தச் சமையக்கட்டுதான் ஞாபகம் வந்துச்சு. என் பேச்சுதான் போய்ச் சேந்துச்சா அங்க? அப்படின்னா புள்ளைங்க பேர எடுத்துக்கங்க, நான் சொன்னேன்னு அவன் வெச்சான், அவன் வெச்சான்னு நான் சொல்றேன், முதல்ல அந்தப் பேர நெனச்சது யாரு? யோசிச்சா தலை சுத்துது. அவங்கிட்டச் சொன்னேன், சரசுகிட்டயும் சொல்லிட்டேன். அவ நம்புனாளா இல்லியான்னு தெரியாது, ஆனா அதுக்கப்பறம் மழை வந்தா அவளே ஒரு சொம்புல சுடுதண்ணி வெச்சு மூடிட்டுப் போய்ப் படுத்துக்குவா. "தொண்டை கட்டிக்கும், குடிச்சுட்டுப் பேசுங்க"ம்பா. மணவறையில நின்னேன்ங்க, தலை நிமுந்து நின்னேன். ஆனா அன்னில இருந்து ஒரு பயமும் சேந்துக்கிச்சு. ஒரு மழைக்கு நான் பேசாம விட்டுட்டா, அந்தப் பள்ளத்துல அவனுக்குப் பதில் கிடைக்காமப் போயிருமோன்னு. கிறுக்குத்தனந்தான், அவன் தலைச்சோலையில பேரன் பேத்தியோட உக்காந்திருக்கான், எனக்குத் தெரியாதா? தெரிஞ்சாலும் ஒரு மழை விடறதில்ல நான். எத்தனை வருசம், காய்ச்சல்லகூடப் போய் உக்காந்து பேசியிருக்கேன்.

போன மாசம் கண்ணு ஆப்பரேசன் பண்ணாங்க. ராத்திரிக்கு ஒரு மாத்திரை குடுத்தாங்க, அதப் போட்டுட்டுப் படுத்தவன்தான், அடிச்சுப் போட்ட மாதிரி தூங்கிட்டேன். விடியக்காலம் முழிச்சுப் பாத்தா வாசலெல்லாம் தண்ணி, முருங்கைக் கிளை ஒடிஞ்சு கெடக்குது. ராத்திரி பூரா பேஞ்சிருக்கு. நான் பேசல. எனக்குக் கையும் ஓடல காலும் ஓடல. ஒத்தக் கண்ணுல கட்டோட செல்போனத் தேடி எடுத்து சடையனுக்குப் போட்டேன். மணி அடிக்குது, அடிக்குது, எடுக்கவே இல்ல. மறுக்கா போட்டேன். மூணாவது தடவை போடறேன், எடுத்தான். "ஏனுங்ணா, இந்நேரத்துக்கு? கண்ணு வலிக்குதுங்களா?"ன்னான். அவன் குரலக் கேட்டதும் அப்படியே தரையில உக்காந்துட்டேன். ஒண்ணுமில்லடா கண்ணு, சும்மாத்தான் கூப்பிட்டேன், தூங்குன்னேன்.

சரசு காப்பியோட வந்தா. "விடிய விடியப் பேசிட்டு இப்ப விடிஞ்சும் விடியாம போன் வேறயா?"ன்னா.

"நான் எங்கடி பேசுனேன், மாத்திரை போட்டுத் தூங்கிட்டேனே"ன்னேன்.

"நல்லாத் தூங்குனீங்க. சமையக்கட்டுல நீங்க பேசறது என் கட்டில் வரைக்கும் கேட்டுச்சு"ன்னு சொல்லிட்டு டம்ளர என் கையில குடுத்தா. தூக்கத்துல நடந்து போய்ப் பேசியிருப்பேன்னு சொல்லப் போறீங்க, எனக்கும் அந்த நிமிசம் அதுதான் தோணுச்சு, அதையே சொல்லி மனசத் தேத்திக்கலாம்னு இருந்தேன். அவ போறவ வாசப்படியில நின்னு திரும்பி, சாதாரணமா, சோறு தண்ணி விசயம் பேசற மாதிரி சொன்னா:

"நேத்து நீங்க ஒரு தடவைகூட இருமலீங்க. அந்தக் கரகரப்பும் இல்ல. நம்ம கல்யாணமான புதுசுல இருந்துச்சே, அந்தக் குரல் மாதிரி இருந்துச்சு. நொம்ப நாளாச்சே கேட்டுன்னு, நான் தூங்காமக் கேட்டுட்டே படுத்திருந்தேன்."